லாக் டி கிரா: மணல்மணி வந்த வழியே

லாக் டி கிரா ஏரி, கனடாவில் யெல்லோநைஃப் நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 300 கி.மீ. கோடையில் ஏரியில் இறங்கும் மிதவை விமானத்தில் போகலாம். பிப்ரவரி, மார்ச்சில் உறைந்த ஏரிகளின் மேலேயே லாரி ஓடும். மரமே கிடையாது. பாறை, பாசி, ஏரி, கொசு. 1991-இல் புவியியலாளர்கள் சக் ஃபிப்கியும் ஸ்டூவர்ட் புளூசனும் இங்குதான் ஓர் ஏரிக்கடியில் வைரமுள்ள கிம்பர்லைட்டை, அதாவது ஆழத்திலிருந்து வைரத்தை மேலே கொண்டுவரும் எரிமலைப் பாறையை, கண்டார்கள். 1998-இல் எகாட்டி வைரச் சுரங்கம் திறந்தது.

வைரத்தையே தேடினால் ஆயுள் போதாது. அதோடு மேலே வந்த ஊதா நிற பைரோப் கார்னெட், பச்சை குரோம் டையாப்சைடு, கருப்பு இல்மனைட் மணிகளைத்தான் தேடவேண்டும். பழைய பனிப்பாளம் கிம்பர்லைட் நிரம்பிய எரிமலைக் குழாயின் தலையைச் சுரண்டி, அவற்றை மேற்குப் பக்கமாக இழுத்துப்போட்டுவிட்டது. பாறையில் பனி கீறிய கோடுகளைப் பார்த்து எதிர்த்திசையில் நடக்கவேண்டும்.

எஸ்கர் மணல்மேடுகளில் நடப்பது சுகம். ஆனால் அந்த மணல் உருகுநீர் வெகுதூரம் அடித்து வந்தது. வட்டாரத்தைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. உறைபனி கீழிருந்து பிதுக்கித் தள்ளிய சேற்று வட்டங்களில் 10 முதல் 20 கிலோ அள்ளுவதே மேல். சல்லடையை ஒழுங்காகக் கழுவாவிட்டால், முந்தைய மாதிரியின் ஒற்றை கார்னெட் இல்லாத குழாயைக் காட்டிவிடும். கார்னெட்டின் மேல்தோல் சிதையாமல் இருந்தால் மூலம் பக்கத்தில்தான். அதில் குரோமியம் மிகுந்து கால்சியம் குறைந்திருந்தால் வைரம் விளையும் ஆழத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மணிகள் திடீரென நின்றுபோகும் இடத்தில் காந்த அளவீடு செய்து குழாயைத் தேடவேண்டும். இங்கே டயபேஸ் என்ற கரும் எரிமலைப் பாறைச் சுவர்களும் காந்தம் காட்டி ஏமாற்றும். கிம்பர்லைட் சுற்றியுள்ள கிரானைட்டைவிட மென்மையானது. பனி அதைத் தோண்டிவிட, குழிகள் ஏரிகளாயின. அதனால் பல இடங்களில் குளிர்காலத்தில் பனிக்கட்டி மேலே துளையிடும் எந்திரத்தை நிறுத்தித் துளையிடுகிறார்கள்.

குழாய் கிடைத்ததுமே கொண்டாடுவது அவசரம். துளையிட்டு எடுத்த கல்லை 8 கிலோ பங்குகளாக 550 டிகிரி செல்சியஸ் அளவில் காஸ்டிக் சோடாவில் உருக்கினால் நுண்வைரங்கள் மிஞ்சும். துளைமுனையிலிருந்து உதிர்ந்த செயற்கை வைரமும் அதில் கிடக்கும். பிரித்தறியாத ஆய்வகம் ஆபத்து. நுண்வைரங்களின் அளவுப் பரவலை வைத்துப் பெரிய கற்கள் எத்தனை இருக்கும் என்று கணிக்கலாம், விலையைக் கணிக்க முடியாது. அதற்குப் பெருமாதிரி எடுத்து, ஆயிரக்கணக்கான காரட்டை மதிப்பீட்டாளர் முன் கொட்டவேண்டும். டன்னுக்கு 1 காரட் என்பது நல்ல செறிவு. எடையில் 50 லட்சத்தில் ஒரு பங்குதான். கற்கள் மங்கலாகவோ விரிசலாகவோ இருந்தால் அந்தச் செறிவும் சுரங்கச் செலவைக் கட்டாது.