நாலு மூட்டையா, ஐம்பத்து மூன்று மூட்டையா?

மண்வெட்டி, ஏணி, ஓட்டாத சைக்கிள் எல்லாம் போட்டு வைக்க வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தகரக் கொட்டகை வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பேச்சு. 8 அடிக்கு 6 அடியில், 4 அங்குலக் கனத்தில் ஒரு கான்கிரீட் தளம். தளத்துக்கு வெளியே நாலு மூலையிலும் கூரையைத் தாங்க ஒவ்வொரு மரத் தூண், ஒவ்வொன்றுக்கும் 12 அங்குல விட்டத்தில் 2 அடி ஆழக் குழி. அவ்வளவுதான் வேலை. மணலையும் ஜல்லியையும் தனித்தனியாகக் கொட்டிவைக்க இடமில்லை, அதனால் எல்லாம் கலந்தே வரும், தண்ணீர் மட்டும் ஊற்றிக் கலக்கிற 25 கிலோ உலர் கலவை மூட்டைகளை வாங்கி நானே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். எத்தனை மூட்டை என்பதில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

தெரிந்த கொத்தனார் ஒருவருக்கு போன் போட்டேன். அளவுகளைக் கேட்டவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "நாலு மூட்டை வாங்குங்க தம்பி, சரியா இருக்கும்" என்றார். அதற்கு முன்பே நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன், அதில் 98 மூட்டை வந்திருந்தது. நாலுக்கும் 98-க்கும் நடுவில் எங்கேயோ உண்மை இருக்கிறது என்று மட்டும் புரிந்தது.

கொத்தனார் சொன்னது தப்பில்லை, அவர் பேசியது வேறு மூட்டை. அவருக்கு மூட்டை என்றால் 50 கிலோ சிமெண்ட் மூட்டை. ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி என்று கலந்தால் 100 கன அடி கான்கிரீட்டுக்குச் சுமார் 18 மூட்டை சிமெண்ட் ஆகும், அந்தக் கணக்கு அவர்கள் நாக்கு நுனியில் இருக்கும். என் வேலை மொத்தம் 22 கன அடிச் சொச்சம், ஆக நாலு மூட்டை. மணலும் ஜல்லியும் தனியாக வரும் என்பது அவருக்குச் சொல்லத் தேவையே இல்லாத விஷயம். என் மூட்டையிலோ மணல், ஜல்லி, சிமெண்ட் மூன்றும் சேர்ந்துதான் 25 கிலோ, அதில் சிமெண்ட் ஒரு சின்னப் பங்குதான். யாரிடமாவது "இதுக்கு எத்தனை மூட்டை ஆகும்?" என்று கேட்கப் போகிறீர்கள் என்றால், முதலில் எந்த மூட்டை என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, என் 98 எப்படி வந்தது? மூட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், இதைக் கலந்தால் எத்தனை லிட்டர் கான்கிரீட் கிடைக்கும் என்று. நான் வாங்க நினைத்ததில் சுமார் 12 லிட்டர் என்று போட்டிருந்தது. கணக்குக்கு உதவுகிற எண் அது ஒன்றுதான், எடை வண்டி பிடிக்கும்போது பார்த்துக்கொண்டால் போதும். அந்த வரி இல்லாத மூட்டையும் உண்டு. அப்போது கிலோவை 2.1-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட லிட்டர் வந்துவிடும். 25 கிலோவுக்கு 12, 40 கிலோவுக்கு 19. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். தளம் 8 பெருக்கல் 6 பெருக்கல் மூன்றில் ஒரு பங்கு அடி, அதாவது 16 கன அடி, 453 லிட்டர், 38 மூட்டை. (4 அங்குலத்தை 0.4 அடி என்று கால்குலேட்டரில் தட்டி முதலில் 46 மூட்டை வாங்க இருந்தேன். அடிக்கு 12 அங்குலம் என்பது ஒன்றாம் வகுப்புப் பாடம், ஆனாலும் விரல் பத்து பத்தாகத்தான் யோசிக்கிறது.)

குழியில்தான் பெரிய சறுக்கல். ஒரு குழிக்கு 15 மூட்டை, நாலுக்கும் 60 என்று எழுதி வைத்திருந்ததை என் மகள் பார்த்துவிட்டு, "ஏம்பா, அந்தக் குழிக்குள்ள பதினஞ்சு மூட்டையை அடுக்கவே முடியாதே, எப்படி ஊத்துவ?" என்றாள். ஒரு அடி விட்டத்தை ஒரு அடி ஆரம் என்று போட்டுவிட்டேன். ஆரம் இரண்டு மடங்கானால் கொள்ளளவு நாலு மடங்காகிவிடும், 60 வந்ததன் ரகசியம் அதுதான். அரை அடி ஆரம் என்று திருத்தினால் ஒரு குழி 44.5 லிட்டர், நாலுக்கும் சேர்த்து 178 லிட்டர், 15 மூட்டை. சூத்திரத்தைச் சரிபார்ப்பதைவிட மூட்டையைக் குழி பக்கத்தில் மனசுக்குள் அடுக்கிப் பார்ப்பது நல்ல சோதனை என்று அவளிடம்தான் கற்றுக்கொண்டேன்.

இன்னொரு குழப்பமும் வந்தது. கான்கிரீட் கணக்கு என்றாலே 1.54-ஆல் பெருக்க வேண்டும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். அது தனித்தனியாக அளந்து போடும் உலர்ந்த மணல், ஜல்லி, சிமெண்டுக்கான கணக்கு. ஜல்லி இடுக்கில் மணலும் மணல் இடுக்கில் சிமெண்டும் போய் உட்கார்ந்து, தண்ணீர் பட்டதும் மொத்தமே சுருங்கிவிடுவதால் முன்கூட்டியே அதிகம் எடுக்கிறார்கள். மூட்டையில் போட்டிருக்கும் 12 லிட்டர் என்பது கலந்து முடித்த பிறகு கிடைப்பது, சுருங்கியது போகத்தான் அந்த எண். அதை மறுபடியும் 1.54-ஆல் பெருக்கியிருந்தால் முப்பது மூட்டைக்கு நெருக்கமாக வெட்டிச் செலவு.

ஆக 38-ம் 15-ம் 53. சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 58 வாங்கினேன். 1450 கிலோ. காகிதத்தில் 58 என்பது சாதாரணமாகத்தான் இருந்தது, வாசலில் இறங்கியபோதுதான் மலையாகத் தெரிந்தது. தரையில் நேராக வைக்காமல் பலகை போட்டு அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடினேன். ஈரம் பட்டால் மூட்டைக்குள்ளேயே இறுகிவிடும்.

இதுவரை எல்லாம் காகிதம். மண்ணைத் தோண்டிய பிறகுதான் நான் போட்ட கணக்கு மண்ணுக்குத் தெரியாது என்று தெரிந்தது. 12 அங்குலக் குழி என்று நான் எழுதியிருந்தேன், கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துக் கையால் தோண்டினால் 12 அங்குலத்தில் யார் நிறுத்துவது? ஒரு கல்லை நெம்பினால் பக்கத்து மண்ணும் சேர்ந்து வரும், கை நுழைய இடம் வேண்டும் என்று வாய் அகலமாகும். முடித்துவிட்டு அளந்தால் நாலு குழியும் சராசரியாக 14 அங்குலம். இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். 14-ன் வர்க்கத்தை 12-ன் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள், 36 சதவீதம் கூடுதல். 15 மூட்டை 20 ஆகிவிட்டது. தூண் அடைத்துக்கொள்ளும் இடத்தை நான் கழிக்காமல் விட்டிருந்தது கொஞ்சம் காப்பாற்றியது, 4 அங்குலச் சதுரத் தூண் 2 அடி ஆழத்தில் ஆறு லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கிறது, நாலுக்கும் இரண்டு மூட்டை மிச்சம். சிந்தியது சிதறியது சேர்த்து அன்றைக்கு 19 மூட்டை போனது. மீதி 39. தளத்துக்கு 38 போதும், ஒரு மூட்டை மிச்சம் வேறு இருக்கிறது என்று இரவு நிம்மதியாகப் படுத்தேன்.

விடிந்ததும் நிம்மதி போய்விட்டது. குழியே இப்படி ஏமாற்றியிருந்தால் தளத்து மண் மட்டும் எப்படிச் சமமாக இருக்கும்? நாலு பக்கமும் பலகை அடைத்து ரசமட்டம் பார்த்து வைத்திருந்தேன், ஆனால் அது மேல் விளிம்பின் மட்டம், கீழே மண் எப்படிக் கிடக்கிறது என்று பார்க்கவே இல்லை. பலகை விளிம்பிலிருந்து விளிம்புக்கு நூலை இழுத்துக் கட்டி, வரிசைக்கு நாலு என்று மூன்று வரிசையில் 12 இடங்களில் நூலுக்கும் மண்ணுக்கும் நடுவில் டேப்பை விட்டு அளந்தேன். சில இடத்தில் சரியாக 4, நடுவில் நாலரை, ஒரு மூலையில் ஆறைத் தொட்டது. சராசரி நாலே முக்கால் அங்குலம்! என் கணக்கில் 38, மண்ணின் கணக்கில் 45.

நீளத்திலோ அகலத்திலோ ஒரு அங்குலம் தப்பினால் கிட்டத்தட்ட அரை மூட்டை போகும், அவ்வளவுதான். கனத்தில் அரை அங்குலம் தப்பினால் இந்தச் சின்னத் தளத்துக்கே 2 கன அடி, ஐந்து மூட்டை போகிறது. நானோ நீள அகலத்தை மூன்று முறை அளந்துவிட்டு, கனத்தை ஒரு முறைகூட அளக்காமல் 4 என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன். பள்ளத்தைக் கான்கிரீட்டால் நிரப்புவதைப்போல ஊதாரித்தனம் வேறில்லை, ஜல்லி கொட்டித் திமிசுக் கட்டையால் நன்றாக இடித்து உயர்த்தினால் போதும். கையில் இருந்த ஜல்லியை அந்த மூலையில் கொட்டி இடித்தேன், சராசரி நாலரைக்கு வந்தது. 18 கன அடி, 510 லிட்டர், 43 மூட்டை. இருப்பது 39.

கான்கிரீட்டில் பாதி வழியில் தீர்ந்துபோவதுதான் பெரிய பயம். போட்டது இறுக ஆரம்பித்த பிறகு புதுசை ஒட்டிப் போட்டால் நடுவில் ஒரு கோடு நிரந்தரமாகத் தங்கிவிடும், பிற்பாடு அங்கேதான் விரிசல் விடும், தண்ணீர் இறங்கும். அதனால் கலக்க ஆரம்பிக்கும் முன்பே போய் இன்னும் 7 மூட்டை வாங்கி வந்தேன், கையில் 46. மிஞ்சினால் பரவாயில்லை, குறைந்தால் தாங்காது.

வாடகைக்குக் கலவை இயந்திரம் எடுக்கலாமா என்று யோசித்து, கஞ்சத்தனத்தில் வேண்டாம் என்று விட்டேன். அந்த முடிவுக்கு இன்னும் முதுகு வலிக்கிறது. நானும் மச்சானும் மாற்றி மாற்றிக் கலந்தோம். மூட்டைக்கு ஐந்து நிமிடம் என்றாலே கிட்டத்தட்ட நாலு மணி நேரம். இருபதாவது மூட்டைக்கு மேல் கை தானாக அதிகத் தண்ணீர் ஊற்றப் பார்க்கும், இளகலாக இருந்தால் கலக்கச் சுலபம் இல்லையா, ஆனால் தண்ணீர் கூடினால் வலு குறையும். வாளியில் கோடு போட்டு, மூட்டைக்கு இவ்வளவுதான் என்று அளந்தே ஊற்றினோம். ஒவ்வொரு மூட்டைக்கும் பலகையில் கரியால் ஒரு கோடு இழுத்தேன், பாதித் தளம் முடிந்தபோது 22 கோடு. அப்போதுதான் மூச்சு வந்தது. கடைசியில் 44-ல் முடிந்தது. ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டுத் தண்ணீர் தெளித்தோம்.

ஒரு கன மீட்டருக்கு 25 கிலோ மூட்டை 83 ஆகும். என் வேலை அதில் சுமார் முக்கால்வாசிதான், அதற்கே இந்தப் பாடு. கணக்கில் உங்களுக்கு 80, 90 என்று வந்தால் மூட்டையை மறந்துவிட்டு ரெடிமிக்ஸ் லாரியையோ அந்தக் கொத்தனாரையோ கூப்பிடுங்கள். நாலைந்து தூண், ஒரு படி, சின்னத் தளம், இதற்கெல்லாம் மூட்டை நல்லது.

மிஞ்சிய இரண்டில் ஒன்றைப் பின்வாசல் படியின் உடைந்த மூலைக்குப் போட்டேன். இன்னொன்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கொட்டகையிலேயே வைத்திருந்தேன், மழைக்காலம் முடிந்து தொட்டுப் பார்த்தால் மூட்டை வடிவத்திலேயே கல்லாகிக் கிடக்கிறது. கொத்தனார் ஒருநாள் வந்து தளத்தைக் காலால் தட்டிப் பார்த்தார், "நல்லாத்தான் போட்டிருக்கீங்க, எத்தனை மூட்டை ஆச்சு?" என்று கேட்டார். 63 என்றேன். "சிமெண்டா?!" என்றார்.