தேனீக் கொட்டுக்கு இரத்தப் பரிசோதனை: மூன்றாம் முறைதான் பலித்தது

மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இருபது ஆண்டுகளாகப் பெட்டி வைத்துத் தேன் எடுக்கும் எனக்குக் கொட்டு புதிதல்ல. ஆனால் சென்ற பங்குனியில் கழுத்தில் ஒரே ஓர் ஈ கொட்டிய கால் மணி நேரத்துக்குள் உடம்பெங்கும் தடித்து, மூச்சு இறுகி, கண் இருண்டு விழுந்துவிட்டேன். அட்ரினலின் ஊசி போட்டுக் காப்பாற்றிய மருத்துவர், ஒவ்வாமைக்குக் காரணமான எதிர்ப்புப் புரதமாகிய ஐஜிஈ (IgE) இரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வரும்படி சீட்டுக் கொடுத்தார்.

சீட்டில் எந்த ஐஜிஈ என்று எழுதாததால், பரிசோதனை நிலையத்தில் மொத்த ஐஜிஈயை அளந்து அனுப்பிவிட்டார்கள். ஆஸ்துமாவோ வயிற்றுப் புழுவோ இருந்தாலும் ஏறக்கூடிய அந்த எண்ணை வைத்துக்கொண்டு தேனீயைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு, "சீட்டில் உள்ளதைத்தானே செய்தோம்" என்றார்கள்.

பத்தாம் நாள், தேனீ நஞ்சுக்கான ஐஜிஈக்கென்றே தனியாகக் கொடுத்த இரத்தத்தில் அளவு, வழக்கமான வரம்பான 0.35-க்குக் கீழே இருந்தது. ஒவ்வாமை இல்லை என்று மகிழ்ந்து பெட்டி திறக்கப் புறப்பட்ட என்னை மருத்துவர் கடிந்துகொண்டார்: கடுமையான எதிர்வினைக்குப் பின் சில வாரங்கள் இந்த அளவு தாழ்ந்து காட்டலாம் என்பதால், நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மீண்டும் பார்த்தே ஆக வேண்டுமாம். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

ஆறு வாரம் கழித்துப் போனபோது, தேனீ நஞ்சுக்கான 'ஐ1' என்ற குறியீட்டைச் சீட்டில் பெரிதாக எழுதி வாங்கிச் சென்றேன். அப்படியும், பதிவு செய்த பெண்ணின் திரையை எட்டிப் பார்த்தால் உணவுப் பட்டியலிலுள்ள 'ஹனி' என்பதைத் தேர்ந்திருந்தார். "மகளே, என்னைக் கொட்டியது தேன் அல்ல, தேனீ" என்றதும் சிரித்துக்கொண்டே திருத்தினார். எட்டிப் பார்த்திராவிட்டால் மூன்றாவது செலவும் வீண்.

வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. ஒவ்வாமை மாத்திரையையும் இந்த இரத்தப் பரிசோதனைக்காக நிறுத்த வேண்டியதில்லை, தோல் பரிசோதனைக்குத்தான் நிறுத்த வேண்டும். இந்த இரத்தப் பரிசோதனையில் பயன்படுவது இத்தாலியத் தேனீயின் நஞ்சு; நம் பெட்டியில் இருப்பது இந்தியத் தேனீ என்றாலும் இரண்டின் நஞ்சும் நெருங்கிய உறவு என்பதால் அது போதும் என்றார் மருத்துவர். கூடவே, கொட்டினால் எதிர்வினை கடுமையாகக்கூடிய உடல்வாகா என்று அறிய உதவும் டிரிப்டேஸ் என்ற நொதியின் அளவையும் இரத்தத்தில் பார்க்கச் சொன்னார். அது இயல்பாக இருந்தது.

தேனீ நஞ்சு ஐஜிஈயின் முடிவு 7.8; பூஜ்யம் முதல் ஆறு வரையான நிலைகளில் மூன்றாம் நிலை, அதாவது ஒவ்வாமை இருக்கிறது. அடுத்த கொட்டு எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை இந்த எண் சொல்லாதாம். இப்போதைக்குப் பெட்டியைத் தம்பிதான் திறக்கிறான். நான் சாலையோரம் நின்று அடைகளை எண்ணிக்கொள்கிறேன்.