ங்ங்ங் சத்தம்: ஒரு மூணு வாரக் குறிப்பு

ஏப்ரல் 27, 2025, ஞாயிறு

போன வாரம் அனுப்புன பாடத்துக்கு இன்னைக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. பத்தாவது போகப்போற பையன், பிறவியிலேயே பார்வை கிடையாது, நான் வாசிச்சு அனுப்புறத கேட்டுத்தான் படிக்கிறான். "அக்கா, நீங்க வாசிக்கிறது நல்லா புரியுது, ஆனா பின்னாடி ங்ங்ங்னு ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு, ஹெட்போன்ல ரெண்டு மணி நேரம் கேட்டா தலை வலிக்குதுக்கா"ன்னான். அதையும் தயங்கித் தயங்கி, நான் வருத்தப்பட்டுருவேனோன்னு பயந்து பயந்து சொன்னான். எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. கண்ணால படிக்கிறவங்களுக்கு காகிதம் எப்படியோ அப்படித்தான இவனுக்கு அந்த பின்னாடி இருக்குற அமைதி, அதுல நான் அழுக்க பூசி குடுத்திருக்கேன்.

சாயங்காலம் ஃபேன நிப்பாட்டிட்டு, ஜன்னல சாத்திட்டு, ஒண்ணும் பேசாம ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணேன். ஆடாசிட்டின்னு நான் ரெக்கார்ட் பண்ற சாஃப்ட்வேர்ல அனலைஸ்ல போய், எந்த ஹெர்ட்ஸ்ல எவ்வளவு சத்தம்னு காட்டுற பிளாட் ஸ்பெக்ட்ரம் போட்டா 50ல ஒரு மேடு, 100, 150, 250ன்னு வரிசையா சீப்பு பல்லு மாதிரி நிக்குது. நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதோட குடும்பம்தான் மொத்தமும். சும்மா இருக்கும்போதே -46 டெசிபல் காட்டுது, ஆடியோபுக் பண்றவங்க பொதுவா -60க்கு கீழ இருக்கணும்னு கேப்பாங்க.

நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு பாத்தேன். சத்தம் போச்சு, கூடவே என் குரலும் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிருச்சு. 50ஐ மட்டும் வெட்டுனா பரவாயில்ல, பொம்பளைங்க குரலே 200 பக்கத்துலதான் ஆரம்பிக்குது, 150, 250 எல்லாம் குரலோட ஒட்டிக்கிட்டு இருக்கு. இத வந்த பிறகு துடைக்கிறது வேலைக்கு ஆகாது, வர்ற இடத்துலயே நிப்பாட்டணும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மத்தியானம் கரண்ட் போச்சு. நல்லதுதான்னு தோணிச்சு, உடனே வீட்டுக்காரர் லேப்டாப்ப எடுத்து பேட்டரியிலயே ஆன் பண்ணி, அதே மைக், அதே ஒயரு, மைக்க கம்ப்யூட்டரோட இணைக்கிற அதே ஆடியோ இன்டர்ஃபேஸ் பொட்டி, எல்லாத்தையும் அதுல மாட்டி ரெக்கார்ட் பண்ணேன். -64. சத்தமே இல்ல, பக்கத்து வீட்டு காக்கா மட்டும் கேக்குது.

சரி, ஏரியாவே கரண்ட் இல்லாம இருந்ததால அப்படியோன்னு, கரண்ட் வந்த பிறகும் பேட்டரியில வச்சே பாத்தேன், அப்பவும் சுத்தம். லேப்டாப் சார்ஜர சொருகுன அடுத்த நொடி ங்ங்ங். சார்ஜர பிடுங்குனா போயிருது. அப்போ மைக் மேல தப்பு இல்ல, ஒயர் மேலயும் இல்ல. சுவத்துல இருந்து வருது.

இன்னொண்ணும் கவனிச்சேன். டெஸ்க்டாப்ல ரெக்கார்ட் பண்ணும்போது இன்டர்ஃபேஸோட இரும்பு உடம்புல கைய வச்சா சத்தம் பாதியா குறையுது, கைய எடுத்தா ஏறுது. கேபினெட்ட லேசா தடவுனா சுர்ருனு இருக்கு, எறும்பு ஊர்ற மாதிரி. இது ரொம்ப நாளாவே இருக்கு, நாம எல்லாரும் "கம்ப்யூட்டர்னா அப்படித்தான்"னு விட்டுருக்கோம்.

இப்போதைக்கு லேப்டாப் பேட்டரியிலயே வாசிக்கலாம், ரெண்டரை மணி நேரம் தாங்கும். பாடம் நிக்கக் கூடாது.

மே 1, வியாழன்

கடையில கேட்டா ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க, "எர்த் பின்ன வெட்டி விட்டுருங்க மேடம், சத்தம் நின்னுரும்". இல்லன்னா ரெண்டு பின் அடாப்டர் போடுங்கன்னு. சில நேரம் நிக்கவும் செய்யும், அதான் இந்த யோசனை ஊர் பூரா சுத்திக்கிட்டு இருக்கு. ஆனா அந்த மூணாவது பின் சத்தத்துக்காக வச்சது கிடையாது. உள்ள ஒரு ஒயரு கழண்டு கேபினெட்டுல பட்டா, கரண்டு நம்ம உடம்பு வழியா போகாம அது வழியா போகணும்னு வச்சது. வீட்டுல பசங்க வெறுங்கால்ல ஓடுறாங்க. சத்தம் இருந்தாலும் பரவாயில்ல, அத மட்டும் செய்ய மாட்டேன், இத வாசிக்கிற யாரும் செய்யாதீங்க.

தம்பி கோயம்புத்தூர்ல கீபோர்டு வாசிக்கிறான், அவனுக்கு போன் போட்டேன். "அக்கா, மொதல்ல உனக்கு எர்த் இருக்கான்னே பாரு, இல்லாத எர்த்த எப்படி வெட்டுவ"ன்னான். டெஸ்டர் எடுத்து கேபினெட்டு பின்னாடி ஸ்குரூ மேல வச்சா பல்ப் எரியுது. மூணு பின்னும் ஒழுங்கா சொருகித்தான் இருக்கு.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ பிளக்க பிடுங்கிட்டு கழட்டி பாத்தேன். மேல மூணு ஓட்டை, உள்ள ரெண்டே ரெண்டு ஒயரு. செவப்பும் கருப்பும் ஸ்குரூல இறுக்கி இருக்கு, மூணாவது பித்தளத் தகடு மினுமினுன்னு புதுசாவே இருக்கு, ஒரு ஒயரு அத தொட்டதே இல்ல. நாலு வருஷமா கம்ப்யூட்டர், மானிட்டர், ஸ்பீக்கர் எல்லாம் இதுலதான் ஓடுது.

எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு கரண்டு குடுக்குற பொட்டி, அதுக்குள்ள மெயின்ஸ்ல இருந்து பாடிக்கு சின்ன கெப்பாசிட்டர் ரெண்டு போட்டுருப்பாங்களாம், சுவிட்சிங் சத்தத்த எர்த்துக்கு கடத்திவிட. எர்த் இருந்தா அது பாட்டுக்கு போயிரும். இல்லன்னா பாடி நடுவுல தொங்கும், 230ல பாதி, 110க்கு பக்கத்துல வோல்டேஜ் காட்டும். கரண்டு ரொம்ப கம்மிங்கிறதால ஆள ஒண்ணும் பண்ணாது, சுர்ருனு மட்டும் இருக்கும். ஆனா மைக் சிக்னல் மில்லி வோல்ட் கணக்குல இருக்கு, அதுக்கு இது பெரிய அலை.

மே 3, சனி

புது பாக்ஸ், மூணு கோர் ஒயரு, பச்சை ஒயரு இருக்கான்னு கடையிலயே திறந்து காட்ட சொல்லி வாங்குனேன். அப்படியே ஒயர்ல மாட்டுற கருப்பு ஃபெரைட் உருண்டை நாலும் வாங்கிட்டேன், அது தேவையே இல்ல. ரேடியோ அலை மாதிரி மெகா ஹெர்ட்ஸ் சத்தத்துக்குத்தான் அது, 50 ஹெர்ட்ஸ்க்கு அது இருக்குறதும் இல்லாததும் ஒண்ணுதான்னு தம்பி அப்புறம் சொன்னான்.

பாக்ஸ் மாத்துனதும் -51. குறைஞ்சிருக்கு, ஆனா நான் நினைச்ச அளவுக்கு இல்ல. கேபினெட்டுல சுர்ரு இன்னும் லேசா இருக்கு. ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்புற நேரம் பாத்து அது கொஞ்சம் கூடுது, ஃப்ரிட்ஜ் அடுப்படியில இருக்கு, கம்ப்யூட்டர் ரூம்ல இருக்கு, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு புரியல.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பிச்சாச்சு. மதுரை வெயிலுக்கு ஃபேன நிப்பாட்டிட்டு வாசிக்கிறதுன்னா சேலை நனைஞ்சிருது, அதனால காலையில அஞ்சு மணிக்கே உக்காந்துட்டேன்.

பத்து மணிக்கு சின்னவன் லீவுன்னு கேம் விளையாட ஹாலுல இருக்குற டிவிக்கு நீள எச்டிஎம்ஐ ஒயர கம்ப்யூட்டர்ல சொருகுனான். ஸ்பீக்கர்ல உடனே ஓஓஓம்னு ஒரு அடி சத்தம், இதுவரைக்கும் இல்லாத கனமான சத்தம். சரி பழைய பிரச்சனை கூடிருச்சுன்னு கேபினெட்ட தொட்டேன், சுர்ரு சுத்தமா இல்ல. டெஸ்டர் எரியல.

அவன பிடுங்க சொன்னேன். ஓம் போச்சு, சுர்ரு திரும்பி வந்துச்சு. மறுபடி சொருகு. சுர்ரு போச்சு, ஓம் வந்துச்சு. பத்து தடவை பண்ணிருப்போம், அவனே சலிச்சுப் போயிட்டான். அப்புறம் எச்டிஎம்ஐ சொருகி இருக்கும்போதே, செட்டாப் பாக்ஸ் பின்னாடி வர்ற கேபிள் டிவி ஒயர மட்டும் திருகி கழட்டுனேன். ஓம் நின்னு போச்சு, சுர்ரு வந்துருச்சு.

ராத்திரி வரைக்கும் யோசிச்சு யோசிச்சு இப்பத்தான் பிடிபடுது. எங்க வீட்டு எர்த் வேலையே செய்யல. ஃப்ரிட்ஜ், வாஷிங் மிஷின், கம்ப்யூட்டர் எல்லாம் கசிய விடுற கரண்டு பூரா பச்சை ஒயருல வந்து சேருது, ஆனா மண்ணுக்குள்ள இறங்க வழி இல்ல. எச்டிஎம்ஐ சொருகுனதும் வழி கிடைச்சிருது, கம்ப்யூட்டர் பாடி, எச்டிஎம்ஐ, டிவி, செட்டாப் பாக்ஸ், கேபிள் ஒயரோட வெளி உறை, அப்படியே தெரு வழியா எங்கேயோ போகுது. போற வழியில ஸ்பீக்கர் ஒயர் உறையிலயும் கொஞ்சம் பிரிஞ்சு ஓடுது, அதான் ஓம். ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்பும்போது ஓமும் ஒரு படி ஏறிச்சு, காலையில கவனிச்சேன்.

அதாவது எச்டிஎம்ஐ சொருகுனா எங்க வீட்டுக்கு எர்த்தா இருக்குறது கேபிள் டிவி ஒயரு. நல்லவேளை பெருசா ஒண்ணும் லீக் ஆகல. கேபிள்கார தம்பி போஸ்ட்ல ஏறி கைய வச்சு கழட்டுற ஒயரு அது. நினைச்சாலே வயித்த கலக்குது.

மே 5, திங்கள்

எலக்ட்ரிசியன் அண்ணனுக்கு போன் போட்டேன். "சித்திரை திருவிழா முடியட்டும் தங்கச்சி, அழகர் ஆத்துல இறங்கிட்டு வந்துர்றேன்"ன்னாரு. சரிதான், 12ஆம் தேதி வரைக்கும் இந்த ஊர்ல யாரும் மண்வெட்டி தூக்க மாட்டாங்க. அதுவரைக்கும் எச்டிஎம்ஐய யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன், லேப்டாப் பேட்டரியில வாசிப்பு ஓடுது.

மே 9, வெள்ளி

நேத்து திருக்கல்யாணம், இன்னைக்கு தேர். வீட்டுல எல்லாரும் கிளம்பி போயிட்டாங்க, நான் மட்டும் மின்னோட்டவியல் பாடத்த வாசிச்சேன். வீட்டு ஒயரிங் பத்தி அதுல வருது, மின்கம்பி, நடுநிலைக் கம்பி, எர்த் கம்பி, எதுக்கு எந்த கலரு எல்லாம். எத்தனையோ தடவை சும்மா வாசிச்சு கடந்திருக்கேன், இந்த தடவை அந்த பத்திய மட்டும் மெதுவா வாசிச்சேன். பையன் கண்ணுக்கு பச்சைன்னா என்னன்னு தெரியாது, ஆனா மூணாவது பின் பெருசா இருக்குறத விரலால தொட்டு தெரிஞ்சுக்கலாம். சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு பிளக்க கையில எடுத்துப் பாரு, ஒரு பின் மட்டும் நீளமா தடியா இருக்கும், சொருகும்போது அதுதான் மொதல்ல உள்ள போகும், எடுக்கும்போது கடைசியா வரும், அதுதான் எர்த்னு பாடத்துல இல்லாதத நானே சேர்த்து சொன்னேன்.

மே 14, புதன்

அண்ணன் காலையில ஏழு மணிக்கே வந்துட்டாரு. மொதல்ல மீட்டர் வச்சாரு, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 231. பேஸுக்கும் எர்த்துக்கும் 180ல நின்னு ஆடுது. அப்புறம் வீட்டுல எல்லா பிளக்கையும் பிடுங்க சொன்னாரு, யாரும் எதையும் தொடாதீங்கன்னு வாசல்ல நிக்க வச்சுட்டு, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல 100 வாட்ஸ் குண்டு பல்ப போட்டாரு. நல்ல எர்த்தா இருந்தா பளிச்சுனு எரியணும். உள்ள கம்பி மட்டும் செவசெவன்னு, கார்த்திகை விளக்கு அணையப்போற மாதிரி. (இது அவரு வேலை, நீங்க யாரும் செஞ்சு பாக்காதீங்க, எர்த் கெட்டிருந்தா அந்த நேரம் வீட்டுல இருக்குற ஒவ்வொரு இரும்பு பாடியிலயும் கரண்டு நிக்கும்.)

எர்த் குழி எங்கன்னு கேட்டாரு. எங்களுக்கு தெரியல. அம்மாதான் "போர்ட்டிகோ ஓரத்துல இருந்துச்சு, டைல்ஸ் போடும்போது மூடிட்டாங்க"ன்னாங்க. ஒரு டைல்ஸ உடைச்சு தோண்டுனா பைப் தலை வந்துச்சு. அதுல இருந்த கிளாம்ப் துரு ஏறி பொரபொரன்னு கையிலயே உதிருது, செம்பு கம்பி பச்சை பூத்து, கிளாம்புக்கும் அதுக்கும் நடுவுல நூல் இழை அளவு இடைவெளி. தொட்டுக்கிட்டு இருக்குற மாதிரி தெரியுது, தொடல. சுத்தி இருக்குற மண்ணு மாவு மாதிரி காஞ்சு கிடக்கு, மழைத்தண்ணி ஒரு சொட்டு இறங்க வழி இல்லாம மேல சிமெண்ட். நான் ரொம்ப நேரம் அந்த கம்பியவே பாத்துக்கிட்டு நின்னேன். அந்தப் பையன் காதுல ரெண்டு மணி நேரம் கேட்ட ங்ங்ங் அந்தப் பழைய பாக்ஸ்ல இருந்தும் இந்த இடைவெளியில இருந்தும் கிளம்புனது.

பழைய குழிய விட்டுட்டு தோட்டத்துப் பக்கம், துணி துவைக்கிற தண்ணி ஓடுற இடத்துல புதுசா தோண்டுனாங்க. எட்டு அடிக்கு குறையாத ஜிஐ பைப், சுத்தி ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு, மேல தண்ணி ஊத்த புனல், மூடி. அப்படியே 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா தானா கட் பண்ணுற சுவிட்சு) ஒண்ணும் போட சொன்னேன். வீட்டுக்காரரு செலவ பாத்து ஒரு நிமிஷம் யோசிச்சாரு, கேபிள் ஒயர் கதைய சொன்னதும் ஒண்ணும் பேசல.

பல்ப் பளிச்சுனு எரிஞ்சுச்சு. பேஸுக்கும் எர்த்துக்கும் 229. ஆர்சிசிபிய அதுக்கு அப்புறம்தான் மாட்டுனாரு.

ராத்திரி டெஸ்க்டாப்ல ரெக்கார்ட் பண்ணேன். -62. சுர்ரு இல்ல. கேபினெட்டு மேல முழு உள்ளங்கையையும் வச்சுப் பாத்தேன்.

மே 16, வெள்ளி

ஸ்பீக்கர்ல இன்னும் ரெண்டு பாக்கி. மவுஸ உருட்டுனா கீச்சுனு ஒரு மெல்லிசான சத்தம், ஸ்பெக்ட்ரம்ல 1000ல ஊசி மாதிரி நிக்குது. பழைய யுஎஸ்பி முறையில ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு தடவை டேட்டா துடிக்கும், அதாவது செகண்டுக்கு 1000 தடவை, அதான் அது. எச்டிஎம்ஐ சொருகுனா ஓமும் லேசா வருது, எர்த் நல்லா ஆனாலும் இப்போ ரெண்டு வழி இருக்குல்ல, எர்த் பைப் ஒண்ணு கேபிள் ஒண்ணு, வட்டமா சுத்துது.

ரெண்டுக்கும் காரணம் நான் ஸ்பீக்கருக்கு போட்டிருந்த ஆர்சிஏ ஒயரு. அதுல வெளி உறையே சிக்னலுக்கும் திரும்பி வர்ற பாதை, உறையில ஓடுற குப்பை எல்லாம் பாட்டோட கலந்துரும். டிஆர்எஸ் ஒயரு மாத்துனேன், இன்டர்ஃபேஸ்லயும் ஸ்பீக்கர்லயும் அந்த ஓட்டை இருந்துச்சு, நான்தான் இத்தனை நாளா கண்டுக்கல. அதுல சேதி ரெண்டு கம்பியில போகுது, ஒண்ணு நேரா, ஒண்ணு தலைகீழா. வழியில ஒட்டுற சத்தம் ரெண்டுலயும் ஒரே மாதிரி ஒட்டும், ஸ்பீக்கர் ஒண்ணுல இருந்து இன்னொண்ண கழிக்கும், ஒட்டுனது அடிபட்டுப் போகும், குரல் நிக்கும். மைக் ஒயரும் இதே முறைதான். கீச்சு போயே போச்சு. ஓம் ஸ்பீக்கருல காத வச்சா மட்டும். வாசிக்கிற நேரம் எச்டிஎம்ஐய பிடுங்கிடுறதுன்னு சின்னவனோட ஒப்பந்தம்.

மே 18, ஞாயிறு

அம்மா காலையில செடிக்கு ஊத்தும்போது எர்த் குழிக்கும் ஒரு குடம் ஊத்துறாங்க, நான் சொல்லவே இல்ல.

பழைய பாடம் பதினொண்ண திரும்ப வாசிக்கணும், மூணு முடிஞ்சது. மொதல்ல முடிச்சத அந்தப் பையனுக்கே அனுப்புனேன். சாயங்காலம் வாய்ஸ் நோட். "அக்கா, சத்தமே இல்லக்கா. நீங்க பக்கம் புரட்டுறது கூட கேக்குது, எத்தனாவது பக்கம்னு எண்ணிக்கிட்டே வந்தேன்"ன்னான்.

புரட்டுற சத்தத்த எடுக்கணும்னுதான் மொதல்ல நினைச்சேன். இப்போ விட்டுட்டேன். பக்க எண்ணையும் சேர்த்து வாசிக்கிறேன்.