மெஷினுக்கு மானியம் இருக்கு, ஓட்டப் பழகறதுக்கு?

போன வாரம் பக்கத்து பட்டறைக்காரர் கையில கொட்டேஷனோட வந்தாரு. விஎம்சி, அதாவது புரோகிராம் போட்டா தானா இரும்ப செதுக்கற மெஷின், ஒன்னு எடுக்கலாம்னு இருக்கேன், மானியம் 25 பர்சன்ட் கெடைக்குதாமே, நீங்க ஏற்கனவே வாங்குனவங்க தானே சொல்லுங்கன்னாரு. டீ குடிக்கற நேரத்துல பாதி தான் சொல்ல முடிஞ்சுது. மீதிய இங்க எழுதிடறேன், ஏன்னா நம்ம கோயம்புத்தூர்ல குறிச்சி, கணபதி, பீளமேடு பக்கம் நாலு லேத்த வச்சு ஜாப் ஒர்க் பண்ற நெறைய பேரு இதே யோசனைல இருக்காங்க.

நாங்க எடுத்தது 2018ல. அப்ப சின்ன கம்பெனி புது மெஷின் வாங்க மானியம் குடுக்கற சென்ட்ரல் கவர்மென்டோட சிஎல்சிஎஸ்எஸ் ஸ்கீம் நடந்துட்டிருந்துச்சு. 2000ல ஆரம்பிச்சது, 2005ல 12 சதவீதத்த 15 ஆக்குனாங்க, அதிகபட்சம் 15 லட்சம். பேங்க் லோன் போட்டு வாங்குனா தான் அது கெடைக்கும். எங்க மெஷின் 30 லட்சம், மானியம் நாலரை லட்சம். ஆனா ஜிஎஸ்டி 18 சதவீதம்னா 5 லட்சத்து 40 ஆயிரம் ஆச்சே, அது பின்னாடி கிரெடிட்ல கழிஞ்சிடும் தான், ஆனா மெஷின் லாரில வந்து எறங்கறப்ப அந்தக் காசு கையில இருந்தாகணும். மானியம் வந்து சேர ஒன்றரை வருஷம் ஆச்சு, வந்ததும் கையில குடுக்கல, பேங்க்லயே டெபாசிட்டா போட்டு வச்சிட்டாங்க, தவணை மட்டும் மூணாவது மாசத்துலயே ஆரம்பிச்சிருச்சு. அதனால மானியத்த நம்பி தவணைக்கு கணக்கு போடாதீங்கன்னு அவருகிட்ட மொதல்ல சொன்னேன்.

ஆனா என்னைய உண்மையிலயே வாட்டுனது அது இல்லீங்க. எங்க லேத்து அண்ணன் 28 வருஷமா அந்த வேலை பாக்கறவரு. டூல் மழுங்குதான்னு சத்தத்த வச்சே சொல்லிருவாரு, சீவி விழற சிப்போட நெறத்த பாத்து ஸ்பீட கொறைப்பாரு. விஎம்சில கதவ மூடிட்டா உள்ள கூலன்ட் அடிக்கறது தவிர ஒன்னும் தெரியாது. டீலர் ரெண்டு நாள் ஆள் அனுப்பி பழக்கிட்டு போயிட்டாங்க. ரெண்டாவது வாரம் பம்ப் பேரிங் ஹவுசிங் ஓட்டறப்ப டூல் மாத்திட்டு புது டூலோட நீளத்த, அதான் ஆஃப்செட்ட, மெஷின்ல திருப்பி போட மறந்துட்டாரு, டூல சுத்தற ஸ்பிண்டில் நேரா போயி பீஸ புடிச்சிருக்கற ஃபிக்ஸ்சர்ல எறங்கிருச்சு. ஒரே ஒரு சத்தம் தான். ரிப்பேர் செலவு 1 லட்சத்து 90 ஆயிரம், 19 நாள் மெஷின் நின்னுச்சு. அண்ணன் அன்னைக்கு மதியம் சாப்பிடவே இல்ல, "நான் பழைய லேத்துக்கே போயிடறேன் தம்பி"ன்னு மெதுவா சொன்னாரு. தப்பு அவரு மேல இல்லைன்னு எனக்கு தெரியும், ரெண்டு நாள்ல யாருக்கு தான் வந்துரும்?

மூணு மாசம் பழகறதுக்கு ஆளுக்கு சம்பளம், அந்த நேரத்துல வீணாகற மெட்டீரியல், டூல் முனைல மாட்டற இன்சர்ட், டூல் ஹோல்டர், மெஷினுக்கு புரோகிராம் எழுதற கேம் (CAM) சாஃப்ட்வேர், இதெல்லாம் சேந்தா எங்களுக்கு ஏழு லட்சத்த தாண்டிருச்சு. இதுக்கு ஒத்தப் பைசா மானியம் வரல, ஸ்கீம் பாத்ததெல்லாம் மெஷினோட பில்ல தான். மெஷின் வாங்கறது ஒரு நாள் வேலை, அத ஓட வச்சு 20 மைக்ரான்ல, அதாவது 0.02 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள்ள, ஒரே மாதிரி நூறு பீஸ் எடுக்கறதுக்குள்ள தான் சின்ன கம்பெனி திணறுது.

அமெரிக்காவுல 1988ல ஒரு சட்டம் போட்டு சின்ன ஃபேக்டரிகளுக்கு உதவ ஆரம்பிச்ச எம்இபி திட்டத்துல இந்த எடத்துல தான் பணத்த போடறாங்க. எல்லா மாநிலத்துலயும் சென்டர் இருக்கு, வெவரம் தெரிஞ்ச ஆளுங்க சின்ன கம்பெனிக்கே வந்து நின்னு பழக்குறாங்க, அதுக்காகுற செலவுல ஒரு பங்க கவர்மென்ட் ஏத்துக்குது. நம்ம ஊருக்கும் இது ஒன்னும் புதுசில்ல. பம்ப் டெஸ்டிங்குக்கு ஒவ்வொரு கம்பெனியும் லேப் கட்ட முடியாதுன்னு தானே பொது டெஸ்டிங் சென்டரா சிட்டார்க் வந்துச்சு, எத்தன சின்ன பம்ப் கம்பெனி அத நம்பி இருக்கு. அதே மாதிரி சிஎன்சி, அதாவது விஎம்சி மாதிரி புரோகிராம்ல ஓடற மெஷின், பழகறதுக்கும் ஒரு பொது எடம் வேணும், மெஷின் இடிச்சாலும் பரவால்லன்னு ஆபரேட்டர் பயமில்லாம கை வச்சு பழகற எடம். பொது வசதி மையத்துக்கு கிளஸ்டர் திட்டத்துல கிராண்ட் குடுக்கறாங்க, பத்து இருவது பேரு சேந்தா கேக்கலாம், ஆனா வேலைய விட்டுட்டு அத எழுதி பின்னாடி அலைய எங்கள்ல யாருக்கு நேரம் இருக்கு? அந்த அலைச்சலுக்கும் ஒரு ஆள கவர்மென்டே போட்டு குடுக்கணும்.

சிஎல்சிஎஸ்எஸ் 2020 மார்ச்சோட முடிஞ்சிருச்சு. எஸ்சி எஸ்டி தொழில்முனைவோருக்கு மட்டும் தனியா ஒன்னு 25 சதவீதத்துல கொண்டு வந்தாங்க. மத்த குறுந்தொழில்காரங்க மாநில அரசோட மூலதன மானியத்துக்கு போகணும், பக்கத்து பட்டறைக்காரர் சொன்ன 25 பர்சன்ட் அது தான். மாவட்ட தொழில் மையத்துல நேரா போய் கேளுங்க, அப்புறம் கடனுக்கு வீட்டு பத்திரத்த கேட்டா பத்திரத்துக்கு பதிலா கடனுக்கு பொறுப்பேத்துக்கற கவர்மென்டோட சிஜிடிஎம்எஸ்ஈ கேரண்டில குடுக்க முடியுமான்னு பேங்க்ல தைரியமா கேளுங்க. நான் அன்னைக்கு அத கேக்கல, எங்கப்பா வீட்டு பத்திரம் ஆறு வருஷம் அங்க கெடந்துச்சு.

பக்கத்து பட்டறைக்காரரோட கொட்டேஷன வாங்கி பாத்தேன். டிரெய்னிங் ரெண்டு நாள்னு தான் போட்டிருந்துச்சு. அத அடிச்சுட்டு 15 நாள்னு பேனாவுல எழுதி, டீலர் இதுக்கு ஒத்துக்கிட்டா தான் அட்வான்ஸ் குடுக்கணும்னு சொல்லி அனுப்புனேன். அவரு பட்டறை ஆபரேட்டர் தம்பிய அடுத்த வாரத்துல இருந்து சாயங்காலம் எங்க மெஷினுக்கு வரச் சொல்லிருக்கேன், எங்க அண்ணன் தான் கத்துக் குடுக்கறாரு.