வேர்க்குழாயில் மருந்து தங்கும் காலம்

பல் மருத்துவக் கல்லூரியில் முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளை வழிநடத்துபவர்களுக்கு மிகவும் பழகிப்போன தலைப்பு ஒன்று உண்டு: வேர்க்குழாய்க்குள் இரண்டு அமர்வுகளுக்கு இடையே வைக்கப்படும் மருந்துப் பசை, பல்லின் பெரும்பகுதியாக அமைந்த கடினத் திசுவான டென்டினின் கடினத்தன்மையைக் குறைக்கிறதா என்பது. பிடுங்கப்பட்ட பல்லின் வேரைக் குறுக்கே நறுக்கி, அக்ரிலிக்கில் பதித்து, மெருகேற்றி, கடினத்தன்மையை அளக்கும் விக்கர்ஸ் கருவியின் வைர முனையால் அழுத்தி, பதிந்த தடத்தின் மூலைவிட்டங்களை நுண்ணோக்கியில் அளப்பதே முறை. எளிதாகத் தோன்றும் இந்த வேலையில் மாணவர்கள் வழுக்குவது ஒரே இடத்தில்தான். பல்கூழை நெருங்க நெருங்க டென்டினில் நுண்குழல்கள் அடர்ந்து, அகன்று, கடினத்தன்மை இயல்பாகவே குறையும். ஆகவே குழாய்ச் சுவரிலிருந்து ஒரே தூரத்தில் அழுத்தப்படாத தடங்களை ஒப்பிட்டால், மருந்தின் விளைவு எது, இடத்தின் விளைவு எது என்று பிரிக்கவே முடியாது. எந்த அட்டவணையைக் கொண்டுவந்தாலும் முதலில் அந்தத் தூரத்தைத்தான் கேட்பேன்.

டென்டினின் எடையில் சுமார் 70 விழுக்காடு கனிமம். எஞ்சியது பெரும்பாலும் கொலாஜனும் நீரும். இப்படி வைக்கப்படும் பசைகளில் ஒன்றான கால்சியம் ஹைட்ராக்சைடின் காரத்தன்மை பி.எச். 12.5 அளவை எட்டுவதால்தான் கிருமிகள் சாகின்றன. கனிமத்துக்கும் கொலாஜனுக்கும் இடையிலான புரதப் பிணைப்பு நாளடைவில் தளர்வதற்கும் அதே காரத்தன்மையே காரணமாகக் கருதப்படுகிறது. மூன்று ஆன்டிபயாட்டிக்குகள் கலந்த மும்மை ஆன்டிபயாட்டிக் பசையின் வழி வேறு: அமிலத்தன்மை கொண்ட அந்தப் பசையில் உள்ள மினோசைக்ளின் கால்சியத்தைப் பற்றி இழுத்துக்கொள்கிறது. பல்லின் நிறத்தைக் கெடுப்பதும் அதுவே என்பதால், முன்பற்களில் அதைப் பயன்படுத்த எனக்கு எப்போதுமே தயக்கம் உண்டு.

2002-இல் ஆண்ட்ரியாசனும் உடனுழைத்தவர்களும் ஆட்டுப் பற்களில் செய்த ஆய்வு, கால்சியம் ஹைட்ராக்சைடு ஏறத்தாழ ஓராண்டு தங்கினால் வேரின் முறிவு வலிமை பாதியாகக் குறையக்கூடும் என்று காட்டியது. கீழே விழுந்து, வேர்நுனி மூடாத முன்பல்லில் அடிபட்டு வரும் சிறுவர்களுக்கு, மாதக்கணக்கில் அந்தப் பசையை மாற்றி மாற்றி வைத்து நுனி மூடக் காத்திருப்பது அதுவரை வழக்கமான சிகிச்சையாக இருந்தது. ஏற்கெனவே மெல்லிய சுவர்களைக் கொண்ட அந்த வேர்கள் கழுத்துப் பகுதியில் முறிவதைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பளித்திருக்காது. இன்று நுனியை எம்.டி.ஏ. என்ற பல் சிமெண்ட் கொண்டு அடைத்துவிட்டு, பசையைச் சில வாரங்களுக்குள் எடுத்துவிட முடிகிறது.

நடைமுறையில் தொல்லை தருவது மருந்தைவிட, திரும்பி வராத நோயாளிதான். வலி நின்றதும் அடுத்த அமர்வை மறந்துவிட்டு, பள்ளி விடுமுறையிலோ ஊர்த் திருவிழா முடிந்தோ வருபவர்கள் எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஏராளம். ஆகவே பசை வைத்த தேதியையும் அதை எடுக்க வேண்டிய தேதியையும் நோயாளியின் அட்டையில் எழுதச் சொல்கிறேன். தொலைபேசியில் அழைத்து நினைவூட்டும் பொறுப்பும் அந்தந்த மாணவருடையது.

ஆனால் ஆய்வகத்தின் எண்ணை அப்படியே நோயாளியின் வாய்க்குக் கொண்டுபோவதை நான் ஏற்பதில்லை. விக்கர்ஸ் தடம் பரப்பின் ஒரு புள்ளியைப் பற்றியே பேசுகிறது. வேர் முறியுமா என்பதை எஞ்சியுள்ள சுவரின் தடிமன், கடிவிசை விழும் திசை, மேலே வைக்கும் நிரப்பலின் தரம் ஆகியவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இரண்டு வாரங்கள் மட்டும் பசை வைக்கப்பட்ட, தடித்த சுவருள்ள கடைவாய்ப்பல்லைப் பார்த்து அஞ்ச வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.