சிறகை வெட்டினால் மட்டும் போதாது

பரலோகத்திலிருந்து விழுந்த தேவதூதனோடு காதல் என்பதை வைத்து எழுதும் இளையோர் நாவல்களைப் பற்றிப் பேசுகிறேன். 2009 அக்டோபரில் பெக்கா ஃபிட்ஸ்பாட்ரிக்கின் ‘ஹஷ், ஹஷ்’ வந்தது. டிசம்பரில் லாரன் கேட்டின் ‘ஃபாலன்’. ரத்தக்காட்டேரிக் காதல் கொடிகட்டிப் பறந்த நேரம் அது. பள்ளியில் படிக்கும் பெண், அவளிடம் முகம் கொடுத்துப் பேசாத அழகான பையன், அவனைச் சுற்றி ஒரு மர்மம் என்று இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அச்சு. இவற்றைப் பார்த்து எழுதப்பட்ட கதைகள் ஏராளம். பெரும்பாலானவை கறுப்பு உடையையும் சிறகையும் மட்டும் எடுத்துக்கொண்டன. இந்த இரண்டு நாவல்களையும் ஓடவைத்த கதை விதியை விட்டுவிட்டன.

விழுந்ததற்கு அவன் என்ன விலை கொடுக்கிறான், அவளைத் தொடும்போது அந்த விலை எப்படி வலிக்கிறது என்பதுதான் அந்த விதி. ‘ஹஷ், ஹஷ்’ கதையில் விழுந்த தூதர்களுக்குத் தொடுவுணர்ச்சி கிடையாது. நாயகன் பேட்ச், நாயகி நோராவின் கையைப் பிடிக்கலாம். பிடித்த சூடு அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால், தனக்கு அடிமைச் சத்தியம் செய்த ஒரு நெஃபிலிமின் (விழுந்த தூதருக்கும் மனிதருக்கும் பிறந்தவன்) உடம்புக்குள் புக வேண்டும். அதுவும் யூத நாள்காட்டியின் ஹெஷ்வான் மாதத்தில்தான். ‘ஃபாலன்’ கதையில் டேனியல் காதலிக்கும் லூஸ், 17 வயதில் அவனைச் சந்தித்து, ஒரு முத்தத்தில் செத்து, மறுபடி பிறந்து வருகிறாள். அவன் ஏன் அவளிடம் கடுகடுவென்று இருக்கிறான் என்பதற்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. அதற்குமேல் இன்னொரு முடிச்சு: இந்தப் பிறவியில் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, அதனால் இம்முறை செத்தால் திரும்பி வரமாட்டாள். எத்தனையோ பிறவிகளாகச் சுற்றிய சக்கரம் இந்த ஒரு வரியில் கடைசிச் சுற்றுக்கு வந்துவிடுகிறது.

எழுத உட்காருபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, தன் நாயகன் எந்த வழியாக விழுந்தான் என்பதை. மரபில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அகங்காரம்: கடவுளை எதிர்த்த தூதன் லூசிபர், கலகம், பரலோகப் போர். 1667-இல் ஆங்கிலக் கவிஞர் மில்டன் வெளியிட்ட ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியம் இதன் உச்சம். இன்னொன்று ஆசை. பைபிளின் ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்தில் தேவகுமாரர் மனுஷகுமாரத்திகளைக் கண்டு மயங்கும் சில வசனங்கள் இருக்கின்றன. அதை விரித்துச் சொல்வது ஏனோக்கின் புத்தகம் என்ற பழைய யூத நூல். இன்று அது முழுமையாகக் கிடைப்பது எத்தியோப்பியாவின் கீஸ் மொழியில்தான். அங்கே 200 தூதர்கள் எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். தலைவன் செம்யாசாவுக்குப் பயம். தண்டனை தன் தலையில் மட்டும் விழுந்துவிடக் கூடாதென்று எல்லோரும் சேர்ந்து சத்தியம் செய்துகொள்கிறார்கள். அவர்களில் ஒருவனான அசாசேல், ஆண்களுக்கு வாளும் கேடயமும் செய்யக் கற்றுக்கொடுக்கிறான். வளையலும் கண்மையும்கூட அவன் கற்றுக்கொடுத்ததுதான். பிறக்கும் பிள்ளைகள் அரக்கர்கள். மனிதரின் விளைச்சலைத் தின்று தீர்த்தபின் மனிதரையே தின்கிறார்கள்.

காதல் கதைக்கு இந்த இரண்டாவது வழிதான் தோது, ஏனென்றால் இங்கே காதலே குற்றம். முதல் வழியை எடுத்தால், அவன் விழுந்ததற்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லாமல் போகும். அவள் வரும்போது அவனுடைய கதை ஏற்கெனவே முடிந்திருக்கும். சம்பந்தத்தை உண்டாக்கத் தனியாக ஒரு விதி வைக்க வேண்டும். இரண்டையும் குழப்பி, முதல் பாகத்தில் கலகக்காரனாகவும் மூன்றாம் பாகத்தில் காதலுக்காக விழுந்தவனாகவும் ஆக்கும் தொடர்களில் வாசகர் சரியாகப் பிடித்துவிடுகிறார்: எழுதியவருக்கே தெரியவில்லை.

அடுத்தது உடம்பு. மில்டனின் எட்டாம் காண்டத்தில் ஆதாம் நேராகவே கேட்கிறான், தூதர்கள் எப்படிக் காதலிப்பார்கள் என்று. அவனோடு பேசிக்கொண்டிருக்கும் தூதன் ரபேலின் முகம் சிவந்துவிடுகிறது. காற்றோடு காற்று கலப்பதைவிட எளிதாகக் கலப்போம், தடுக்க எங்களுக்கு அங்கங்கள் இல்லை என்கிற மாதிரி ஒரு பதிலைச் சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்புகிறான். இளையோர் நாவலில் இப்படிக் கிளம்ப முடியாது. அவனுக்குப் பசிக்குமா, வியர்க்குமா, காயம் எத்தனை நேரத்தில் ஆறும், தூங்குவானா, செத்தால் என்ன ஆகும்? இந்த ஐந்துக்கும் ஒரு தாளில் பதில் எழுதி வைத்துக்கொள்ளாமல் முதல் முத்தத்தை எழுதக் கூடாது. பத்தாம் அத்தியாயத்தில் கத்திக்குத்து நொடியில் ஆறிவிட்டு, முப்பதாம் அத்தியாயத்தில் ஒரு துப்பாக்கிக் குண்டுக்காக நாயகி கதறினால் யாரும் நம்பமாட்டார்கள்.

சிறகுதான் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் அதிகம் சொதப்புவதும் இங்கேதான். ஆண்டீஸ் மலைக் காண்டார் கழுகு அதிகபட்சம் 15 கிலோ. சிறகு விரித்தால் 3 மீட்டருக்குமேல். அர்ஜென்டினாவில் வாழ்ந்து அழிந்த அர்ஜென்டாவிஸ் என்ற பறவையின் எடை ஏறக்குறைய 70 கிலோ, அதாவது ஒரு வாலிபனின் எடை. அதன் சிறகு விரிப்பை ஆறு மீட்டரை ஒட்டிக் கணிக்கிறார்கள். உங்கள் நாயகன் அவள் படுக்கையறையில் சிறகை ‘மெல்ல விரித்தால்’ மேசை விளக்கும் அலமாரியும் தரையில் கிடக்கும். மடக்கினாலும் தலைக்குமேல் நீட்டிக்கொண்டு நிற்கும். நாற்காலியில் சாய முடியாது, காரில் ஏற முடியாது. தோள்பட்டை எலும்பருகே முளைக்கிறதென்றால் சட்டை கிழியும், ஒவ்வொரு முறையும் கிழியும். மாயத்தால் மறைகிறது என்று வைக்கலாம், தவறில்லை. மறையும்போது அவனுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்லிவிட வேண்டும். ஃபிட்ஸ்பாட்ரிக் சிறகையே எடுத்துவிட்டு, முதுகில் தலைகீழ் V வடிவத் தழும்பை வைத்தார். அதைத் தொட்டால் நோரா அவனுடைய நினைவுக்குள் விழுகிறாள். சிறகை எங்கே வைப்பது என்ற சிக்கலும் தீர்ந்தது, நெருங்குவதற்கு ஒரு ஆபத்தும் கிடைத்தது.

சூசன் ஈயின் ‘ஏஞ்சல்ஃபால்’ (2011) இன்னும் முரட்டுத்தனமாகப் போகிறது. தூதர்கள் தாக்கிச் சிதைத்த கலிபோர்னியா. நாயகனான தூதன் ராஃபியின் சிறகுகள் வெட்டப்படுகின்றன. வெட்டியதைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள், மறுபடி தைக்க முடியும் என்ற நம்பிக்கையில். கடைசியில் தைக்கப்படுவது வேறொருவனின் வௌவால் சிறகு. பார்ப்பவர் கண்ணுக்கு அவன் இப்போது பிசாசு. சிறகைக் கனமுள்ள, கெட்டுப்போகக்கூடிய ஒரு பொருளாக நடத்தியதால் வந்த பலன் இது.

ரகசியத்தை எப்போது உடைப்பது? 90,000 சொற்கள் கொண்ட நாவலில் 30,000-ஐத் தாண்ட வேண்டாம். அட்டையிலேயே கறுப்பு இறகு இருக்கிறது, பின்னட்டை மிச்சத்தைச் சொல்லிவிட்டது. நாயகி மட்டும் இருநூறு பக்கம் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தால் முட்டாளாகத் தெரிவாள். ஒளித்துவைக்க வேண்டியது, அவன் எதற்காக வந்தான் என்பதை. பேட்ச் நோராவைத் தேடி வந்தது கொல்வதற்கு. அவளைப் பலிகொடுத்தால் அவனுக்கு மனித உடல் கிடைக்கும். இது தெரிந்தபின் முன்னால் வந்த ஒவ்வொரு சிரிப்பையும் திரும்பிப் படிக்க வேண்டியிருக்கிறது.

அதே புத்தகத்தின் பெரிய பலவீனமும் இதற்குள்தான் இருக்கிறது. அவள் பயப்படுவதையே அவளுடைய ஈர்ப்பாகக் கதை காட்டுகிறது. பின்தொடர்வதும் மிரட்டுவதும் காதலின் அடையாளமாகப் பதின்வயது வாசகரிடம் போய்ச் சேர்கின்றன. யுகங்கள் கடந்தவனுக்கும் பள்ளிப் பெண்ணுக்கும் இடையிலான வயது வித்தியாசத்தை எந்த விதியாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. குறைந்தபட்சம் அவளிடம் அவனுக்குத் தேவையான ஒரு திறமையோ தகவலோ இருக்க வேண்டும். அவளுக்கு விலகிப் போகும் வழியும் உண்மையாகத் திறந்திருக்க வேண்டும். ‘ஏஞ்சல்ஃபால்’ கதையின் நாயகி பென்ரினுக்குத் தங்கையைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்குத்தான் ராஃபி. காதல் பிறகு வருகிறது, அதனால் நம்பும்படியும் இருக்கிறது.

தொடராக நீட்டும்போது பரலோகப் போர் பெரிதாகிக்கொண்டே போய், இருவரும் தனியாகப் பேசும் காட்சிகள் சுருங்கிவிடும். பக்கத்துக்குப் பக்கம் புதிய தூதன் பெயர். முடிவில் விலையைத் தள்ளுபடி செய்துவிடும் ஆசிரியர்கள்தான் அதிகம்: அவன் சிறகையும் பெறுகிறான், அவளையும் பெறுகிறான். ‘ஃபாலன்’ தொடரின் ‘ராப்ச்சர்’ (2012) அப்படிச் செய்யவில்லை. லூஸும் டேனியலும் சாகாவரத்தையும் நினைவுகளையும் கொடுத்துவிட்டுச் சாதாரண மனிதர்களாகப் பிறக்கிறார்கள். கல்லூரியில் ஒருவரையொருவர் யாரென்று தெரியாமல் சந்திக்கிறார்கள். இத்தனை பாகம் படித்தது இதற்கா என்று சலித்துக்கொள்பவர்கள் இருப்பார்கள். நடுப்பகுதி நீளம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் முதல் பாகத்தில் போட்ட கணக்கை லாரன் கேட் ஒரு பைசா குறைக்காமல் கட்டியிருக்கிறார்.