உள்ளே விட்ட துணி

மலேசியாவில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் நான் தையல் கடை போட்டு 28 வருடமாகிறது. ரவிக்கை, பஞ்சாபி சூட், பள்ளிச் சீருடை, அப்பப்போ மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங். அளவு எழுதிய நோட்டு எதையும் தூக்கிப் போட்டதில்லை. பழைய அளவைப் பார்த்துவிட்டு அளப்பது வசதி, ஆனால் அதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. ஒரே பெயருக்கு நேரே 28, 30, 33, 37 என்று இடுப்பளவு ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கிற ஆள் ஊரில் நான் மட்டும்தான்.

ரவிக்கையின் பக்கத் தையலுக்குள் கொஞ்சம் துணி விட்டுத் தைப்போம். உடம்பு போட்டால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். ஆரம்பத்தில் முக்கால் அங்குலம் போதுமாக இருந்தது, இப்போது ஒன்றேகால், சிலருக்கு ஒன்றரை. அதற்கு மேல் விட்டால் அக்குளில் தடித்துக்கொண்டு குத்தும். அப்படியும் தீபாவளிக்கு முந்தின வாரம் புதுசு தைக்க வருகிறவர்களைவிட, "அக்கா, கொஞ்சம் பிரிச்சு விடுங்க" என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

ரொம்ப நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். காலையில் ரொட்டி சானாய், பத்து மணிக்குத் தே தாரிக், ராத்திரி மாமாக் சாப்பாட்டுக் கடை, அப்புறம் இடுப்பு ஏறாமல் என்ன செய்யும் என்று. ஒரு அம்மாவின் அளவை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் திட்டு தொண்டையில் நின்றது. முதல் நோட்டில் அவர் 27 அங்குலம், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய், குளிர் இருக்கும்போதே ஐந்நூறு மரம் போல வெட்டி, திரும்பப் பால் எடுக்க அதே நிரைகளில் இன்னொரு தடவை நடந்து, வாளியைச் சுமந்து ஸ்டோருக்குப் போய், லயத்து வீட்டுக்குத் திரும்பி விறகு, தண்ணீர், ஆயா கொட்டகையில் விட்ட பிள்ளை. கோயில், கடை, தமிழ்ப்பள்ளி எல்லாம் கால் போகும் தூரம்.

தோட்டத்து வாழ்க்கை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அந்த 27 அங்குலத்தில் பாதி வறுமை, கூலி போதாத சோறு. அதை நினைத்து ஏங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஆனால் தோட்டம் கைமாறி, தாமான் என்கிற குடியிருப்பு வீட்டுக்குக் குடிவந்த பிறகு அவர் அதிகமாகச் சாப்பிட ஆரம்பித்தார் என்று நினைத்தால் தப்பு. பேக்டரி பஸ் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்கிறது, 12 மணி நேரம் ஒரே இடத்தில் நின்று வேலை, மறுபடி வாசலில் இறக்கிவிடுகிறது. மளிகைக் கடை வீட்டுக்குப் பின்னால்தான், கத்தினால் கேட்கும், ஆனால் நடுவில் பெரிய லோங்காங்கும் (சாக்கடைக் கால்வாய்) வேலியும். சுற்றிப் போனால் ஒரு கிலோமீட்டர், அதில் பாதி லாரி பறக்கும் பெரிய ரோடு, ஓரத்தில் நடைபாதை கிடையாது, ஒரு மரம் கிடையாது. அதனால் பச்சை மிளகாய் வாங்கக்கூட மகன் மோட்டாரில் போகிறான். கிளினிக்கில் தாதி வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கச் சொன்னாராம். "எங்க நடக்கிறது சொல்லுங்க அக்கா, காலையில நாய், மத்தியானம் வெயில், ராத்திரி வழிப்பறி" என்று கையைத் தூக்கி அளவு கொடுத்தபடியே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 36 என்று எழுதினேன்.

நம்மைப் போன்ற ஆசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் இடுப்பு, அதாவது முப்பத்தொன்றரை அங்குலம், அதைத் தாண்டினால் இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி), இதய நோய் ஆபத்து ஏறும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். என் நோட்டில் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். நாட்டுக் கணக்கும் இப்படித்தான் போகிறது: 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் பாதிப் பேர் எடை கூடியவர்கள், 2023-இல் 54 விழுக்காடு.

மூத்த மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். ஜிம் எதுவும் கிடையாது, சோறும் குறைக்கவில்லை, முதல் வருடமே ரவிக்கையை இரண்டு அங்குலம் பிடிக்க வேண்டியதாயிற்று. அடுக்குமாடியிலிருந்து ரயிலுக்கு நடை, ரயிலிலிருந்து ஆபீஸுக்கு நடை, கீழேயே கடை. அங்கே 2013-இல் ஒரு திட்டம் போட்டு, ரயில் நிலையத்தைச் சுற்றி 400 மீட்டருக்குக் கூரை போட்ட நடைபாதை கட்ட ஆரம்பித்தார்கள். மழையோ வெயிலோ தலையில் விழாது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது இங்கே வந்து மாட்டிக்கொண்டாள். அதே பிள்ளை, அதே அம்மா சமையல், பிடித்த இரண்டு அங்குலத்தையும் நானே பிரித்து விட்டேன்.

அவள்தான் ஒரு கதை சொன்னாள். லண்டனில் மோரிஸ் என்ற டாக்டர், உட்கார்ந்தே இருக்கும் பஸ் ஓட்டுநர்களுக்கு, மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கும் கண்டக்டர்களைவிட மாரடைப்பு அதிகம் என்று 1953-இல் எழுதினார். அப்புறம் 1956-இல் என்ன செய்தார் தெரியுமா, அவர்களுக்குக் கொடுத்த சீருடைக் கால்சட்டை அளவை எடுத்துப் பார்த்தார், ஓட்டுநர்களின் இடுப்புதான் பெரிது. இளம் ஓட்டுநர்களுக்கே அப்படித்தான் இருந்ததாம், அதனால் எல்லாம் இருக்கை செய்த வேலை என்று அடித்துச் சொல்ல முடியாது. அது கிடக்கட்டும், தையல்காரர் நோட்டை ஒரு டாக்டர் மதித்தார் என்பதே எனக்குப் போதும்.

என் இடுப்பையும் சொல்லிவிடுகிறேன், ஊரை மட்டும் எழுதினால் நியாயமில்லை. மிதி மெஷினை மாற்றி மோட்டார் வைத்த பிறகு 31-லிருந்து 35.

அந்த அம்மாவின் தாமானில் யாரோ லோங்காங் மேல் பலகை போட்டு, வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை பண்ணிவிட்டார்கள். பெண்கள் சாயங்காலம் அந்த வழியாகக் கடைக்கு நடந்து போய், நின்று பேசிவிட்டுத் திரும்புகிறார்கள். பலகையை இரண்டு தடவை அப்புறப்படுத்திவிட்டார்கள். போன வாரம் மூன்றாவது பலகை போட்டிருக்கிறார்கள், இது முந்தினதைவிட அகலமாம்.